பாட்டை நிறுத்திய வானொலிக்கு ஓர் உறுப்பினரின் ராஜினாமா

அனுப்புநர்:
ரெய்னோ மாட்டிலா,
பனி தள்ளும் வண்டி ஓட்டுநர் (ஓய்வு),
பழைய சுரங்கச் சாலை, ஆஸ்பென் ஹார்பர், மேல் மிச்சிகன்.

பெறுநர்:
திரு. டெரெக் வான் ஹார்ன் அவர்கள்,
நிலைய மேலாளர், ஏரிக்கரைப் பொது வானொலி.

திங்கட்கிழமை, மதியம்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் காரும் இந்தக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காரைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், தாங்கள் மேல் மிச்சிகனைக் கீழ் மிச்சிகனோடு இணைக்கும் பாலத்துக்குத் தெற்கேயிருந்து வந்தவர் என்றும், வந்த வாரமே வண்டியைப் பனிப் பள்ளத்தில் இறக்கிவிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். இங்கு நானும் என் மனைவி லெம்பியும் நலம். நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் நலமில்லை, அதற்குக் காரணம் தாங்கள்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தங்கள் நிலையத்தின் உறுப்பினர். நேற்று முளைத்த உறுப்பினர் அல்ல, இருபத்திரண்டு வருட உறுப்பினர். ஒவ்வொரு அக்டோபரிலும் நேயர்களிடம் நன்கொடை திரட்டும் வாரத்தில் நிலையத்துக்கு வந்து, ஃபோன் எடுக்கும் தொண்டர் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் ஒரு நேயரிடம் பத்து நிமிடம் கதை பேசுவார்கள். நான் பெயர், விலாசம், நன்றி என்று இருபது வினாடியில் முடித்து வைத்துவிடுவேன். அதற்காகவே எனக்கு ஒரு துணிப்பையும், நிலையத்தின் பெயர் போட்ட காபிக் கோப்பையும் கொடுத்தார்கள். இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோப்பையின் காது உடைந்தது எங்கள் வீட்டில்தான், நிலையத்தின் மேல் பழியில்லை.

ஐயா, முப்பத்தோரு குளிர்காலம் நான் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன். விடிவதற்குள் டவுனிலிருந்து பழைய சுரங்கம் வரை சாலையைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூட பஸ் போகாது. அந்த நேரத்தில் எனக்குத் துணை தங்கள் நிலையத்தின் காலை இசை மட்டும்தான். வாலஸ் பெல்டியர் என்ற பெரிய மனிதர் அதை நடத்தினார். எனக்குப் பாட்டின் பெயரோ எழுதியவர் பெயரோ ஒன்றும் தெரியாது. வாலஸ் சொல்லத்தான் செய்வார், ஆனால் அதற்குள் டீசல் சத்தம் மூடிவிடும். ஆனால் பள்ளிக்கூடத் திருப்பத்தில் வயலின்கள் ஏறினால், மரப்பாலம் வரும்போது கொம்புகள் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். கொம்புகள் முந்திவிட்டால் நான் மெதுவாகப் போகிறேன் என்று அர்த்தம். ஒரே ஒரு மெட்டை மட்டும் விசிலடிக்கப் பழகினேன். அதை வீட்டிலும் அடிப்பேன், சவுனா என்ற வெந்நீராவி அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அடிப்பேன். லெம்பி ஒன்றும் சொன்னதில்லை. ஆகவே அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் தாங்கள் ஒரு கருத்துக் கணிப்புப் படிவம் அனுப்பினீர்கள். நான் அதைப் பூர்த்தி செய்யவில்லை. இந்தச் சாலையில் யாருமே செய்யவில்லை. ஏனென்றால் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து ஃபின்லாந்துக்காரர் வீடுகளில் குறை இல்லையென்றால் வாயைத் திறப்பதில்லை. அதுதான் நூற்றுக்கு நூறு மதிப்பெண். குறை இருந்தாலும் திறப்பதில்லை என்பது வேறு விஷயம். தாங்களோ, ‘காலை இசைக்கு ஆதரவாக ஒருவர்கூட எழுதவில்லை’ என்று அறிவித்து, புத்தாண்டு முதல் இசையை மொத்தமாக எடுத்துவிட்டுக் காலை முதல் மாலை வரை செய்தியும் பேச்சும் என்று மாற்றிவிட்டீர்கள். வாலஸையும் ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

இது நடந்த நேரம் பாருங்கள். நான் சென்ற வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம், நான் பனி வண்டியில் ஏறிய பிறகு நானும் லெம்பியும் காலையில் ஒரே சமையலறையில் உட்காரும் முதல் குளிர்காலம் இதுதான். இருவருக்கும் நடுவில் பேச வேண்டியதையெல்லாம் அந்த இசை பேசிக்கொண்டிருந்தது. அது போய், தானிய விலையைப் பற்றி ஒருவர் கத்துகிறார், மறுப்பாக இன்னொருவர் கத்துகிறார். நான் பொறுக்க முடியாமல் ரேடியோவை அணைத்து, ‘இனி இந்த வீட்டுல அது வாயைத் தொறக்கக் கூடாது’ என்றேன். லெம்பி என்னைப் பார்த்தாள். பிறகு ரொட்டி மாவு பிசைந்தாள்.

அதோடு வீட்டில் இறங்கிய அமைதி இருக்கிறதே, ஐயா, நானே அமைதிக்காரன், எனக்கே தாங்கவில்லை. கரண்டி வைக்கும் சத்தம் கேட்கிறது. நான் காபியை விழுங்குவது எனக்கே கேட்கிறது. மூன்றாம் நாள் லெம்பி பழைய டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மாடியில் தையல் அறைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்குத் தங்கள் புது நிகழ்ச்சி, அந்தக் கோரின் ட்ரெம்பாத் என்ற பெண் நடத்தும் ‘வாங்க பேசலாம்’, ஆரம்பிக்கும். அடுப்புச் சூடு மாடிக்கு ஏறுவதற்காக எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு இரும்புச் சல்லடை பதித்திருக்கிறது. அதன் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். ஊரார் பேசுவது கேட்கும், கோரின் சிரிப்பது கேட்கும், லெம்பி சிரிப்பதும் கேட்கும். என் மனைவி அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கீழே தனியாக உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு டிரான்சிஸ்டர் மேல் பொறாமைப்பட்டேன் என்பதை இதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

இனி பெட்டி விஷயம். போன செவ்வாய்க்கிழமை பின்வாசல் பக்கம் லெம்பியின் பழுப்புப் பெட்டி நின்றது. புதனும் நின்றது. வியாழனும் வெள்ளியும் நின்றது. நான் ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பனி வாரிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். சனிக்கிழமை எங்கள் சர்ச்சில் பழைய சாமான் விற்பனை. வருடா வருடம் லெம்பி கொடுக்க வேண்டிய துணிகளைக் கட்டிப் பின்வாசலில் வைப்பாள், நான் சொல்லாமலே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பேன். அது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் கட்டைப்பைக்குப் பதிலாகப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள், தாராளமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தூக்கிப்போய்க் கொடுத்தேன். பாதிரியார் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு, எங்கள் சாலையிலேயே இருக்கும் நோர்மா ஹூட்டனென் ஒரு பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தாள். லெம்பி அந்தக் கோட்டின் முதுகை ஒரு மணி நேரம் பார்த்தாள். வெளியே வரும்போது, ‘கோட் உனக்கு நல்லா இருக்கு நோர்மா’ என்றாள். நோர்மா பூரித்துப் போனாள். வீடு வரும் வரை காரில் லெம்பி பேசவில்லை. வழக்கம்தானே என்று நானும் பேசவில்லை.

இன்று காலை பத்து மணி. தங்கள் நிலையம் எடுத்துக்கொண்ட விஷயம், பேஸ்டிக்குத் தொட்டுக்கொள்ள எது சரி, தக்காளி சாஸா கிரேவியா என்பது. ஐயா, தெற்கேயிருந்து வந்தவருக்கு இதன் ஆபத்து தெரியாது. கறியும் கிழங்கும் வைத்து மூடிச் சுட்ட அந்தப் பண்டத்தால் இந்த ஊரில் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. சல்லடை வழியாக யாரோ ஒரு புண்ணியவான் கிரேவிதான் சரி என்று வாதாடுவது கேட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. சாஸ்தான் சரி என்று சொல்லி, அப்படியே இசையையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிடலாம் என்று எழுந்து சமையலறை ஃபோனை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வானொலிக்கு ஃபோன் செய்யப் போன மனிதன் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கெட்டேன்.

எங்கள் வீட்டில் ஃபோன் இரண்டு, மாடியில் ஒன்று, கீழே ஒன்று. லைன் ஒன்றுதான். ரிசீவரைக் காதில் வைத்தால் உள்ளே லெம்பியின் குரல் கேட்கிறது.

கோரின் கேட்கிறாள்: “சொல்லுங்கம்மா, உங்க வீட்ல சாஸா, கிரேவியா?”

“எதா இருந்தா என்னம்மா. எதிர்ல ஒக்காந்து சாப்பிட ஒரு ஆளு வேணுமே. எங்க வீட்டுக்காரரு தட்டைப் பாத்துச் சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிடறாரு.”

“ஐயோ, ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?”

“சண்டைன்னா பரவால்லையே. சண்டை போடணும்னாலும் வாயைத் தொறக்கணும்ல? தங்கச்சி வீட்டுக்குப் போயி பனி உருகற வரைக்கும் இருக்கலாம்னு பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சேன். எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேப்பாரான்னு பாத்தேன். நாலு நாளு. பெட்டியைச் சுத்திக்கிட்டுப் போறாரு, சுத்திக்கிட்டு வர்றாரு. அஞ்சாம் நாளு தூக்கிட்டுப் போயி சர்ச்சுல வித்துட்டாரு.”

“என்னது, வித்துட்டாரா?”

“என் கோட்டை நோர்மா போட்டுக்கிட்டு வந்தா. ஒன்றரை டாலருக்கு வாங்கினாளாம். போறதுன்னா போயேன்னு சொல்றதுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஐயா, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பனிப்புயலில் பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கத்தில் ஓட்டியவன் நான், அப்போதுகூட ஸ்டியரிங்கை ஒரு கையால்தான் பிடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது, சொல்ல வந்த முதல் விஷயம்தான்.

“சாஸ்தான் சரி,” என்றேன்.

“லைன்ல யாரு? யாரது?” என்றாள் கோரின். “சார், மொதல்ல உங்க ரேடியோவைக் கொறைங்க, இங்க கீச்சுங்குது.”

“அது என் ரேடியோ இல்லைங்க. அவ ரேடியோ. மாடில இருக்கு.”

“ரெய்னோ?” என்றாள் லெம்பி. ஃபோனில் ஒரு தடவை கேட்டது, சல்லடை வழியாக ஒரு தடவை கேட்டது. ஏழு வினாடி கழித்து ரேடியோவிலும் கேட்டது, ஏனென்றால் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காகத் தாங்கள் ஏழு வினாடி தாமதித்து ஒலிபரப்புகிறீர்களாம். என் பெயரை அவள் மூன்று தடவை கூப்பிட்டதுபோல் இருந்தது.

“லெம்பி, நான் அதைத் தர்மத்துக்குக் கட்டி வெச்சதுன்னு நெனச்சேன்.”

“என் நல்ல கோட்டையா? என் மூக்குக் கண்ணாடியையா? அதுவும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.”

“நான் தொறந்து பாக்கலை.”

“கேக்கவும் இல்லை.”

வானொலியில் பதில் இல்லாமல் இருப்பது எவ்வளவு நீளமான காரியம் தெரியுமா? வாயில் கொழுக்கட்டையா என்று மாவட்டம் முழுவதும் கேட்டிருக்கும். அந்தப் பெண் கோரின் நல்ல பெண். அவள்தான் கேட்டாள்: “லெம்பியம்மா, காலைல பாட்டு ஓடிட்டிருந்தப்ப வீடு எப்படிம்மா இருந்துச்சு? உங்களுக்கு அது ரொம்பப் பிடிக்குமோ?”

“எனக்கு அந்தப் பாட்டுல ஒரு எழவும் புரியாதும்மா,” என்றாள் லெம்பி. “அவரு விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுத்துட்டுப் போவாரு. வெளிய பாத்தா கையைக்கூடத் தெரியாது, அப்படிக் கொட்டும். அவரு வண்டியிலயும் இதே ஸ்டேஷன்தான் ஓடும். இங்க கேக்கறது அங்கயும் கேக்குது, இந்த நிமிஷம் அவரும் இதைத்தான் கேக்கறாருன்னு நெனச்சுக்குவேன். ரேடியோவை நிறுத்தவே மாட்டேன். நிறுத்தினா வண்டி ஏரிக்குள்ள எறங்கிடும்னு பயம். அவரு விசிலடிப்பாரே, அந்த எடம் வந்தா, இப்ப அடிப்பாருன்னு தெரியும். முப்பத்தோரு வருஷம் அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்ப வீட்லயேதான் இருக்காரு. எங்க இருக்காருன்னுதான் தெரியலை.”

“நான் கீழதான் இருக்கேன், லெம்பி,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஏழு வினாடி கழித்து மாடியில் டிரான்சிஸ்டரிலிருந்து ஒரு கிழவன், நான் கீழதான் இருக்கேன் லெம்பி என்றான். குரல் என் அப்பா குரல் மாதிரி இருந்தது. அவரும் வாழ்நாளில் பத்து வாக்கியம் பேசியிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா. அதுவும் ஒலிபரப்பாகியிருக்கும், தாங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள்.

பிறகுதான் கேட்டேன், செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டியதை. “எங்க போற, லெம்பி?”

“தங்கச்சி ஐலி வீட்டுக்கு. மார்கெட் ஊருக்கு.”

“நான் கொண்டுபோயி விடறேன்.”

“விட்டுட்டு?”

“இருந்து கூட்டிக்கிட்டு வரேன்.”

“ஒரு சின்ன இடைவேளை,” என்று சொல்லிவிட்டுக் கோரின் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

ஐயா, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த வாய்க்குத் தாங்கள் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பதினைந்து நிமிடத்தில் நோர்மா பச்சைக் கோட்டோடு வாசலில் நின்று அழுதாள். லெம்பி அவளை உட்கார வைத்து, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியும் காபியும் கொடுத்து, அவளும் சேர்ந்து அழுதாள். கோட் பையிலேயே மூக்குக் கண்ணாடியும் கிடைத்தது. நோர்மா கிளம்புவதற்குள் எதிர்வீட்டு உர்ஹோ பெல்டோ பெட்டியைக் கொண்டுவந்தான். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும் சாமான்களை வைத்துக்கொள்ள வாங்கியிருந்தானாம். ஒரே ஒரு நாள்தான் உபயோகித்தானாம். பெட்டியைத் திறந்தால் ஏரியே எழுந்து வருவதுபோல் நாறுகிறது. போகிறபோது என் காதோரம், ‘ஏம்ப்பா ரெய்னோ, சாஸுன்னு தைரியமாச் சொன்ன பாரு, அது போதும்’ என்றான்.

ஆகவே ஐயா, தாங்கள் நீக்கியது வெறும் பாட்டு அல்ல. இந்தச் சாலையில் ஒரு வீட்டைக் கட்டி நிறுத்திய தூணை உருவிவிட்டீர்கள். பேச்சுத் திறமை இல்லாத மனிதர்கள் எத்தனையோ பேர் இங்கே இருக்கிறோம். எங்களுக்காகப் பேசியது அதுதான். எனவே காலை இசையை உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும், வாலஸ் பெல்டியரைக் கேக்கோடு திரும்ப அழைக்க வேண்டும், ‘வாங்க பேசலாம்’ நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும், அதுவரை என்னை உறுப்பினராகக் கருதக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அக்டோபரில் மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கும்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் நீண்ட ஆயுளும், காய்ந்த விறகும், பனி தங்காத சரிவான கூரையும் கிடைக்கட்டும். காருக்குப் பனிக்காலச் சக்கரம் மாட்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த முன்னாள் உறுப்பினர்,
ரெய்னோ மாட்டிலா

பி.கு. (வெள்ளிக்கிழமை): பனியால் தபால் வண்டி நான்கு நாள் வரவில்லை. அதற்குள் லெம்பி இதைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு பேச வருமா உனக்கு? இதையெல்லாம் மேலாளருக்கு ஏன் எழுதற, எங்கிட்டச் சொல்லேன்’ என்றாள். ஆகவே மேலே கேட்டவற்றைத் தயவுசெய்து கணக்கில் எடுக்க வேண்டாம். துணிப்பையைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பெட்டி நாறுவதால் எங்கள் இருவர் துணியும் அந்தப் பையில்தான் இருக்கிறது. நாளைக்கு மார்கெட் ஊருக்கு, ஐலி வீட்டுக்குக் கிளம்புகிறோம். கோப்பையையும் அனுப்பவில்லை, பத்து மணிக்கு லெம்பி அதில்தான் காபி குடிக்கிறாள். டிரான்சிஸ்டர் சமையலறைக்கு இறங்கி வந்துவிட்டது. அதில் பேசுகிறவர்களுக்கு நாங்கள் இங்கிருந்தே பதில் சொல்லிக்கொள்கிறோம், பெரும்பாலும் லெம்பி சொல்கிறாள். நேற்று நான் இரண்டு தடவை குறுக்கே பேசினேன். உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்து அனுப்பவும், இரண்டு பெயரிலும். ஒரே ஒரு வேண்டுகோள். செய்திக்கும் பேச்சுக்கும் நடுவில் இருபது வினாடி ஏதோ வயலின் போடுகிறீர்கள். அப்போது நான் விசிலடிக்கிறேன், லெம்பி மாவு பிசைவதை நிறுத்தாமல் என்னைப் பார்க்கிறாள். அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு பி.கு. (இது லெம்பி எழுதுவது): கோரினிடம் சொல்லுங்கள், அன்று பாதியில் விட்ட கேள்விக்குப் பதில் கிரேவி. எனக்கு எப்போதும் கிரேவிதான். முப்பத்தெட்டு வருடமாகச் சாஸோடு சாப்பிட்டேன், அவர் கேட்டதில்லை. நேற்று ராத்திரி கேட்டார்.